அஜ்மீர் பட்டறையில் பிறந்த சரக்கு எஞ்சின்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், சமநிலம் முடிந்து மலை எழத் தொடங்கும் இடத்தில் வித்துரா என்னும் ஊர் அமைந்திருக்கிறது. அதற்கு மேலே கல்லாறு, அதற்கும் மேலே இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள், அவற்றின் உச்சியில் பொன்முடி. மறுபுறம் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம். இங்கே இருப்புப்பாதை வந்ததில்லை. தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பேருந்தின் இரைச்சலை அறிந்த அளவுக்கு ரயிலின் ஊதலை அறிந்ததில்லை. ஆயினும், அவர்கள் கையால் பறித்த கொழுந்து உலகச் சந்தையை அடைவதற்கு எங்கோ ஓரிடத்தில் ஒரு சரக்கு வண்டி தேவைப்பட்டது. நாம் நாள்தோறும் உண்ணும் உப்பும் உடுக்கும் துணியும் அவ்வாறே. பயணிகள் வண்டியைப் பற்றிப் பாடியவர்களும் எழுதியவர்களும் பலர். சரக்கு வண்டியை இழுத்துச் சென்ற எஞ்சினைப் பற்றி நின்று நினைத்தவர்கள் மிகச் சிலர்.

மலையாளத்தில் ரயிலுக்குத் தீவண்டி என்று பெயர். தமிழில் அதையே புகைவண்டி என்கிறோம். ஒருவர் தீயைக் கண்டார், மற்றவர் புகையைக் கண்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இரண்டும் சேர்ந்த அந்தப் பழைய நீராவி எஞ்சின்களுள், விக்டோரியா அரசியார் காலத்தில் தோன்றிய ஒரு சரக்கு வகையையும், அவ்வகையைச் சேர்ந்த ஓர் எஞ்சின் இன்றும் அழியாமல் காக்கப்பட்டிருப்பதையும் பற்றியே இங்கு விளக்க முற்படுகிறோம். அது எஃப் வகை எனப்படும் மீட்டர் கேஜ் எஞ்சின். காக்கப்பட்டிருப்பது எஃப் 734 என்னும் எண்ணுடையது.

முதலில் ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். இந்தியாவில் ரயில் தோன்றியது 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய வண்டியோடு என்று பாடநூல்கள் சொல்லும். அது பயணிகள் வண்டிக்குப் பொருந்தும். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1837இல், சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான கல்லை ஏற்றி வருவதற்காக ஒரு பாதை அமைக்கப்பட்டிருந்தது. 1851இல் ரூர்க்கியில் கங்கைக் கால்வாய்க் கட்டுமானத்துக்காக மண் சுமக்கும் வண்டிகளை ‘தாமசன்’ என்ற எஞ்சின் இழுத்தது. ஆகவே இந்த நாட்டில் இருப்புப்பாதை மேல் முதலில் பயணம் செய்தவை கல்லும் மண்ணும்தான்; மனிதன் பிறகே ஏறினான்.

மீட்டர் கேஜ் என்ற பாதை எவ்வாறு வந்தது என்பதும் சுவையான கதை. முதலில் இங்கே போடப்பட்ட பாதைகளின் அகலம் ஐந்தரை அடி. செலவு மிகுந்தது. 1870ஆம் ஆண்டை ஒட்டி, வைசிராய் மேயோ பிரபுவின் அரசாங்கம் குறைந்த செலவில் அமைக்கத்தக்க குறுகிய பாதையொன்றைத் தேர்ந்தெடுக்க முனைந்தது. மூன்றடி மூன்றங்குலம் என்பது முதலில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அப்போது இந்தியாவில் மெட்ரிக் அளவு முறையைக் கொண்டுவரப் போவதாக ஒரு பேச்சு பலமாக இருந்தபடியால், அதனுடன் ஓர் அங்குலத்திற்கும் குறைவாகக் கூட்டி, சரியாக ஒரு மீட்டர் என்று வைத்துவிட்டார்கள். பாதை வந்துவிட்டது, மெட்ரிக் முறை வரவில்லை. மேயோ பிரபு 1872இல் அந்தமானில் கொலையுண்டார். படியும் மணங்கும் சேரும் தொடர்ந்து அரசாண்டன. மெட்ரிக் எடைகளும் அளவுகளும் நம் கடைத்தெருவுக்கு வந்தது 1950களின் இறுதியில்தான். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, ‘மீட்டர்’ என்பது நம்மவருக்கு ரயில் பாதையின் பெயராகவே இருந்தது.

தென்னாட்டில் இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1860களின் தொடக்கத்தில் அகலப் பாதையாகப் போடப்பட்ட வழியை, 1870களில் பிரித்து மீட்டர் பாதையாக மாற்றினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின், அதே பாதையை மறுபடியும் பிரித்து அகலப் பாதையாக்கினார்கள். தண்டவாளத்தை விரிப்பதும் சுருக்குவதும் ஏதோ பாய் விரிப்பதுபோல என்று எண்ண வேண்டா. பாலம், குகை, நடைமேடை, பட்டறை, எஞ்சின் எல்லாம் அத்துடன் மாற வேண்டும்.

மீட்டர் பாதைக்கெனப் புதிய எஞ்சின்கள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு ரயில்வேயும் தன் விருப்பத்துக்கு ஒன்று வாங்கினால் உதிரி உறுப்புகளுக்கு முடிவில்லாமல் போகும் என்பதை அன்றைய பொறியாளர்கள் உணர்ந்திருந்தார்கள். எனவே வகைகளை ஆங்கில எழுத்துகளால் குறித்து, ஒரே வரைபடத்தின்படி பலரிடம் செய்வித்தார்கள். அவ்வாறு வந்ததே எஃப் வகை. 1870களின் நடுவில் தொடங்கி, விக்டோரியா காலம் முடிந்த பின்னும் இவ்வகை எஞ்சின்கள் கட்டப்பட்டு வந்தன. கிளாஸ்கோ நகரத்து டூப்ஸ், நீல்சன் முதலிய தொழிற்சாலைகளிலிருந்து அவை கப்பலேறி வந்தன. ராஜபுதனத்து மணற்பரப்பு முதல் பல மாகாணங்களின் மீட்டர் பாதைகள் வரை அவை நெடுங்காலம் உழைத்தன. பயணிகள் வண்டிக்கு ஓ வகை, சரக்குக்கு எஃப் வகை என்று மக்கள் பாகுபடுத்திச் சொல்வதுண்டு. ஆனால் தேவைப்பட்டபோது எஃப் வகை எதையும் இழுத்தது. வீட்டு மாடு வண்டியும் இழுக்கும், ஏரும் இழுக்கும் என்பதைப் போல.

சரக்கு எஞ்சினுக்கும் பயணிகள் எஞ்சினுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? சக்கரத்தில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இது விளங்கினால் மற்றவை தாமே விளங்கும்.

எஞ்சினின் பெரும் பகுதி பாயிலர். அதன் பின்முனையில் நெருப்புப் பெட்டி. அங்கே எரியும் நிலக்கரியின் அனற்காற்று, பாயிலருக்குள் நீளவாட்டில் செல்லும் பல குழாய்களின் வழியே முன்புறத்துக்கு ஓடுகிறது. குழாய்களைச் சூழ்ந்து நீர் நிற்கிறது. நீர் கொதித்து நீராவியாகிறது. வெளியேற வழியில்லாமையால் அழுத்தம் ஏறுகிறது. டிரைவர் நெம்புகோலைத் திறந்தவுடன் அந்த நீராவி இரண்டு சிலிண்டர்களுக்குள் புகுகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன். நீராவி அதனை முன்னே தள்ளுகிறது. பின்னர் வால்வு இடம் மாறி, மறுபக்கத்திலிருந்து பின்னே தள்ளுகிறது. அந்தப் போக்குவரத்தை ஒரு தண்டு சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சுழற்சியாக மாற்றுகிறது. வேலை முடித்த நீராவி புகைபோக்கியின் வழியே பீறிட்டு வெளியேறும்போது, நெருப்பிலிருந்து புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதனால் நெருப்புக்குப் புதுக் காற்று கிடைக்கிறது. எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ அவ்வளவு வேகமாக நெருப்பும் ஊதப்படுகிறது. கொல்லனின் துருத்தியை ஒருவர் மிதிக்க வேண்டும். இங்கே துருத்தி தன்னைத் தானே மிதித்துக்கொள்கிறது. சிறுவர்கள் ‘குப் குப்’ என்று பாடுகிறார்களே, அந்த ஒலி இதுதான். சக்கரம் ஒரு முறை சுழலுவதற்குள் நான்கு ‘குப்’ கேட்கும்.

இனிச் சக்கரம். 1855இல் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, இன்று புகழ்பெற்று விளங்கும் ‘ஃபேரி குவீன்’ எஞ்சினின் இயக்குசக்கரம் ஆறடி விட்டமுடையது. ஒரு மைல் செல்ல அது ஏறக்குறைய 280 முறை சுழன்றால் போதும். நான்கடிச் சக்கரமாயின் 420 முறை சுழல வேண்டும். பிஸ்டனின் போக்குவரத்துக்கு ஒரு வரம்பு உண்டாதலால், விரைவு வேண்டுமானால் பெரிய சக்கரம் நல்லது. ஆனால் பாரம் இழுக்கச் சிறிய சக்கரமே வலியது. ஏற்றத்துக்கு மிதிவண்டியைத் தள்ளாமல் ஓட்டிச் செல்ல முயன்றவர்கள் இதை உடம்பாலேயே அறிந்திருப்பார்கள். எஃப் வகையின் சக்கரங்கள் நான்கடிக்கும் குறைவானவை.

அளவு மட்டுமன்று, எத்தனை சக்கரம் இயங்குகிறது என்பதும் முக்கியம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வது, மேலிருக்கும் எடையினால்தான். ஃபேரி குவீன் எஞ்சினில் முன்னும் பின்னும் இருக்கும் சக்கரங்கள் வெறுமனே உருளுகின்றன. நடுவிலுள்ள ஓரிணை மட்டுமே இழுக்கிறது. அதன்மேல் விழும் எடை மட்டுமே பற்றுக்கு உதவும். எஃப் வகையில் ஆறு சக்கரங்கள். ஆறும் தண்டினால் பிணைக்கப்பட்டு ஒன்றாக உழைப்பவை. எஞ்சினின் எடை ஓர் அவுன்சும் வீணாவதில்லை. மழையில் தண்டவாளம் நனைந்து வழுக்கும்போது, சக்கரத்தின் முன் மணல் தூவுவதற்கு ஓர் ஏற்பாடும் உண்டு. இதற்கு விலையாக, முன்னே வழிகாட்டும் சிறு சக்கரங்கள் இல்லாமையால் இத்தகைய எஞ்சின் விரைந்தோடும்போது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். மெதுவாகச் செல்வதே அதற்குப் பழக்கம். சரக்குக்கு அவசரமில்லை என்பது அந்தக் காலத்து எண்ணம். உப்பு கெட்டுப்போவதில்லை அல்லவா?

உப்பு என்றதும் ராஜபுதனம் நினைவுக்கு வருகிறது. அங்கே சாம்பார் ஏரியில் விளையும் உப்பை ஏற்றிச் செல்வது ராஜபுதன மீட்டர் பாதையின் பெரும் வேலைகளில் ஒன்று. மாளவத்துப் பருத்தியும் தானியமும் அவ்வழியே சென்றன. இங்கே சரக்கு வண்டியின் வரலாற்றில் மகிழ்ச்சியற்ற ஒரு பக்கமும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, ரயில் பசித்த மாவட்டங்களுக்குத் தானியம் கொண்டுவந்தது உண்மை. அதே ஆண்டுகளில் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியதும் உண்மை. எஞ்சின் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை அதன் டிரைவரோ, சுமை ஏற்றிய கூலியாளோ முடிவு செய்யவில்லை.

ராஜபுதன–மாளவ ரயில்வேயின் பட்டறை 1870களின் இறுதியில் அஜ்மீரில் அமைந்தது. அதன் வேலை பழுதுபார்ப்பது. சீமையிலிருந்து வந்த எஞ்சின்களைப் பொருத்துவதும், தேய்ந்தவற்றைச் செப்பனிடுவதும், பாயிலர் குழாய்களை மாற்றுவதுமாகச் சுமார் பதினைந்தாண்டுகள் கழிந்தன. ஒரு பொருளை நூறு முறை பிரித்துப் பூட்டியவனுக்கு அதைப் புதிதாகச் செய்வதும் கைவந்துவிடும் என்பது கைத்தொழிலின் இயல்பு. 1895இல் அந்தப் பட்டறை எஃப் வகை எஞ்சின் ஒன்றைத் தானே கட்டி வெளியிட்டது. எண் 734. எடை 38 டன். அடக்கவிலை 15,869 ரூபாய் என்பது பதிவு. இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ரயில் எஞ்சின் என்று போற்றப்படுவது இதுவே. நான்காண்டுகளுக்குப் பின், 1899இல், ஜமால்பூர்ப் பட்டறை ‘லேடி கர்சன்’ என்ற அகலப் பாதை எஞ்சினைக் கட்டியது.

இதைக் கட்டிய கைகள் யாருடையவை? ஜமால்பூரில் பிறந்த எஞ்சினுக்கு வைசிராயின் மனைவியார் பெயர் கிடைத்தது. அஜ்மீரில் பிறந்ததற்குப் பெயரே இல்லை, எண் மட்டும்தான். உலைக்களத்தில் தகட்டை வளைத்தவர், ஆணி அறைந்தவர், வால்வை முடியளவு தேய்த்துப் பொருத்தியவர் ஆகியோர் பெயர்கள் எந்தத் தகட்டிலும் பொறிக்கப்படவில்லை. நமக்கு இது பெருங்குறையாகப்படுகிறது. கோயிற் கல்வெட்டில் விளக்குக்கு நெய் கொடுத்த இடையனின் பெயரைக்கூடப் பொறித்து வைத்த நாடு இது.

அஜ்மீர் காட்டிய வழியில் நாடு முழுவதும் எஞ்சின் தொழில் வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. அஜ்மீரும் ஜமால்பூரும் சில நூறு எஞ்சின்கள் கட்டியதோடு சரி. விடுதலைக்கு முன் பிரிட்டனிலிருந்து இந்தியா வாங்கிய எஞ்சின்களின் தொகை பதினாலாயிரத்தை எட்டும் என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். திறமையின்மையன்று காரணம். திறமை இருந்ததற்குச் சான்று, 38 டன் எடையில் டில்லியில் நிற்கிறது. வாங்குவோரும் விற்போரும் ஒரே நாட்டினராக இருந்ததே காரணம். 1950 ஜனவரி 26 அன்று சித்தரஞ்சனில் எஞ்சின் தொழிற்சாலை தன் வேலையைத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது.

எஃப் வகை நம் நாட்டோடு நிற்கவில்லை. 1896இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசாவிலிருந்து உகாண்டா ரயில்வேயைப் போடத் தொடங்கியபோது, பாதையின் அகலம் ஒரு மீட்டர் என்றே வைத்தார்கள். இந்திய அனுபவமும் இந்திய எஞ்சின்களும் இந்தியத் தொழிலாளரும் உடனே கிடைப்பார்கள் என்பதே காரணம். எஃப் வகை எஞ்சின்கள் அங்கும் சென்றன. அந்தப் பாதைக்காக இங்கிருந்து கப்பலேறியவர்கள் ஏறக்குறைய 32,000 பேர். அவர்களில் சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டார்கள். 1901இல் பாதை விக்டோரியா ஏரியைத் தொட்டது.

நம் பகுதிக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் துளைத்துக் கொல்லத்துக்கு வந்த மீட்டர் பாதையும் சரக்குக்காகவே முதலில் எண்ணப்பட்டது. முந்திரி, மிளகு, தேயிலை, மரம் ஆகியவை திருவிதாங்கூரிலிருந்து கிழக்கே செல்ல வழி வேண்டியிருந்தது. 1902இல் சரக்கு வண்டி ஓடியது. பயணிகள் வண்டி 1904இல் வந்தது. இங்கும் அதே வரிசைதான். கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தைப் பேருந்தில் செல்லும்போது அண்ணாந்து பார்த்தவர்கள், அதன் மேல் நெளிந்து ஊர்ந்த வண்டியை மறந்திருக்க மாட்டார்கள். கொல்லத்திலிருந்து பாதை திருவனந்தபுரத்துக்கு 1918இல் நீண்டது. தம்பானூருக்கு 1931இல் வந்தது. 1976இல் திருவனந்தபுரத்திலிருந்தும், 2010இல் புனலூர்–செங்கோட்டை மலைப் பகுதியிலிருந்தும் மீட்டர் வண்டி விடைபெற்றது. அம்மலைப் பாதை அகலமாக்கப்பட்டு 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாலத்தின் கண்கள் மட்டும் பழையவையே.

நீராவியின் இறுதி எங்கும் ஒரே மாதிரியாகத்தான் வந்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலை அகலப் பாதைக்கான தன் கடைசி நீராவி எஞ்சினை 1970இல் கட்டி, அதற்கு ‘அந்திம் சிதாரா’, அதாவது கடைசி விண்மீன், என்று பெயரிட்டது. அகலப் பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் 1995இல் நின்றது. வேலையிழந்த எஞ்சின்கள் பழைய இரும்பாக எடை போடப்பட்டன. அவற்றுள் சரக்கு எஞ்சின்களுக்கே முதலிடம். மகாராஜா ஏறிய வண்டியை இழுத்ததைக் காப்பாற்ற யாரேனும் முன்வருவார்கள். உப்பு மூட்டை இழுத்ததற்கு யார் வருவார்?

இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயில் ஒய் 14 என்ற சரக்கு வகை இருந்தது. 1883 முதல் 1913 வரை 289 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அவையும் ஆறு சக்கரமும் பிணைந்தவையே. 1891 டிசம்பரில், லண்டனை அடுத்த ஸ்ட்ராட்ஃபோர்டு பட்டறையில் இவ்வகை எஞ்சின் ஒன்றை 9 மணி 47 நிமிடத்தில் பூட்டி முடித்து, உலகை வியக்க வைத்தார்கள். அவசரத்தில் செய்தது ஆயுசில்லாமல் போகும் என்பார்கள். அந்த எஞ்சினோ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலக்கரி வண்டிகளை இழுத்து, பதினொரு லட்சம் மைலுக்கு மேல் ஓடியது. பெருமைக்குரிய அதையும் 1935இல் உடைத்துவிட்டார்கள். 289இல் எஞ்சியது ஒன்றே ஒன்று. அது 1912இல் பிறந்து 1962இல் ஓய்வு பெற்றது. ஆர்வலர் சங்கமொன்று பணம் திரட்டி வாங்கி, ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்து, நார்ஃபக் கடற்கரையோரப் பாதையில் மறுபடி ஓடவிட்டது. இவ்வளவுக்கும் பின்னணியில் இருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களுந்தாம்.

இந்தியாவில் அவ்வேலையை அரசாங்கமே மேற்கொண்டது. மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயர் நம் நாட்டுப் பழைய எஞ்சின்களைத் தேடித் தொகுப்பதில் ஆலோசகராக இருந்து பெரிதும் உதவினார். பின்னாளில் ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ எஞ்சினுக்கு ஓடும் நகல் செய்த குழுவை நடத்தியவரும் அவரே. டில்லி சாணக்கியபுரியில் ரயில் அருங்காட்சியகத்துக்கு 1971இல் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி முதல் நாள் அது திறக்கப்பட்டது. எஃப் 734 அங்கேதான் இடம்பெற்றிருக்கிறது. பொலிவு மிக்க அரச வண்டிகளுக்கும், மாட்டைக் கொண்டும் எஞ்சினைக் கொண்டும் இழுத்த பட்டியாலா ஒற்றைத் தண்டவாள வண்டிக்கும் நடுவே, அளவில் சிறிய இந்தக் கறுத்த எஞ்சினைப் பார்வையாளர் பலர் கடந்துபோய்விடுவார்கள். நாம் நேயர்களைக் கேட்டுக்கொள்வது, டில்லிக்குச் செல்ல நேர்ந்தால் அங்கே ஐந்து நிமிடம் நின்று, ஆறு சக்கரங்களையும் பிணைக்கும் அந்தத் தண்டைக் கண்ணால் ஒரு முறை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதே.

காத்தல் என்பது எளிய சொல். அதனுள் ஒரு வழக்கு ஒளிந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி வைத்துக் காப்பதா, ஓட்டிக் காப்பதா? நிறுத்தினால் 1895இன் தகடும் ஆணியும் அப்படியே நிற்கும்; ஆனால் அது பேசாது. ஓட்டினால் ‘குப் குப்’ கேட்கும்; ஆனால் நீராவி அழுத்தம் விளையாட்டல்ல. தேய்ந்த பாயிலர் வெடித்தால் அருகிலிருப்பவர் பிழைக்க மாட்டார். ஆகையால் குழாயை மாற்ற வேண்டும், தகட்டை மாற்ற வேண்டும், நாளடைவில் பாயிலரையே மாற்ற வேண்டும். கடைசியில் பழைய எஞ்சினில் பழையது எது என்ற கேள்வி எழும். நம் ஊர்த் தேர்களை எண்ணிப் பாருங்கள். சக்கரம் மாறியிருக்கும், அச்சு மாறியிருக்கும், மேல்தட்டும் மாறியிருக்கும். எனினும் ஊரார் அதே தேர் என்றுதான் வடம் பிடிக்கிறார்கள். ஆனால் சிற்பம் செதுக்கிய பழைய பலகையை விறகாக்கவும் சம்மதியார்கள். எஞ்சினுக்கும் அந்த நடுநிலையே தகும் என்பது நம் கருத்து. எஃப் 734 போன்று ஒன்றே ஒன்றாய் நிற்பதைத் தொடாமல் வைப்பதும், பல எஞ்சியுள்ள வகையில் ஒன்றிரண்டை ஓட்டுவதும் முறை.

நிறுத்தி வைத்தாலும் கவனம் வேண்டும். சில ஊர்களில் நிலையத்தின் முகப்பிலோ அலுவலகத் தோட்டத்திலோ ஓர் எஞ்சினை நிறுத்தி, ஆண்டுதோறும் திருவிழாவுக்குச் சுவருக்கு அடிப்பதுபோல வண்ணம் அடிக்கிறார்கள். பழைய வண்ணத்தின் மேலேயே புது வண்ணம். உறுப்புகளில் வெட்டப்பட்டிருக்கும் எண்களும் அடையாளங்களும் அதனடியில் புதைந்துபோகின்றன. எந்த எஞ்சினின் உறுப்பு எதில் மாட்டப்பட்டது, எந்தப் பட்டறையில் எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பதை ஆராய்ச்சியாளன் கண்டறிவது அந்த எண்களைக் கொண்டுதான். மலையாளக் கரையின் மழையில் இரும்பு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே மினுக்கும் வண்ணம் அதை மறைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஒரு கூரை போட்டால் பாதித் துன்பம் தீரும்.

ஓட்டிக் காப்பதில் தென்னாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. ஃபேரி குவீனைப் பல்லாண்டு உறக்கத்திலிருந்து எழுப்பி 1997இல் ஓடச் செய்தது நம் பெரம்பூர்ப் பட்டறை. அதன் இரட்டைப் பிறவியான இ.ஐ.ஆர். 21 எண் எஞ்சினையும் 2010இல் அங்கேயே உயிர்ப்பித்தார்கள். 2019இல் அந்த எஞ்சின் எறணாகுளத்துக்கு வந்து, பழைய துறைமுக நிலையம் வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. திருவனந்தபுரத்திலிருந்து அதைக் காணவென்றே சென்றவர்களும் உண்டு.

இவற்றினும் வியப்பானது பொன்மலையில் நடந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்கு வந்தது. நீலகிரி மலைப் பாதையில் பல்சக்கரத்தின் துணையால் ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவை. அவை முதுமையடைந்தபோது, பழுதுபார்த்துப் பழகிய பொன்மலைத் தொழிலாளர் புதியனவற்றைத் தாமே கட்டினர். 2011 முதல் எண்ணெயில் இயங்கும் எஞ்சின்கள் சில வெளிவந்தன. 2021இல், நிலக்கரியே இடும் எஞ்சின் ஒன்றையும் கட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினர். நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அஜ்மீரில் நடந்ததும் இதுவே: பழுதுபார்க்க வந்த பட்டறை, எஞ்சின் கட்டியது. பொன்மலையில் அவ்வேலை நடந்தபோது, பாயிலர் தகட்டை ஆணியறைந்து இணைக்கும் பழைய முறையை அறிந்த கைகள் நாட்டில் மிகக் குறைந்துபோயிருந்தன. நெருப்பை மெலிதாகவும் சமமாகவும் பரப்பத் தெரிந்த பயர்மேன்களும் அவ்வாறே. அவர்களில் பலர் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு செங்கோட்டையிலும் விழுப்புரத்திலும் மதுரையிலும் இருக்கிறார்கள். ஈரமான கரியை எப்படி எரிப்பது, மழைநாளில் மலையேற்றத்தில் எந்த இடத்தில் மணல் தூவத் தொடங்குவது என்று கேட்டால் இன்றும் மணிக்கணக்கில் சொல்வார்கள். அவற்றுள் பெரும்பகுதி எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை.